என் பதிலுக்கு அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை

மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு வருவதைப் பற்றி என் மனப்பான்மை என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் சம்பளத்தைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. வாட்ஸாப்பில் ஒரு லிங்க் வரும். "பத்தே நிமிஷம்தான் சிஸ்டர், ப்ளீஸ்" என்று கீழே ஒரு கும்பிடு. திறந்தால் வரிசையாக வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ‘செயற்கை நுண்ணறிவு என் வேலையைப் பறித்துவிடும் என்று அஞ்சுகிறேன்.’ ‘அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள ஆர்வமாக இருக்கிறேன்.’ உடன்படுகிறேன், உடன்படவில்லை, நடுநிலை.

நான் நடுநிலையைத் தட்டிவிட்டுப் போகிற ஆள். என்னைப்போல் தட்டியவர்களை எல்லாம் கூட்டிக் கழித்து, ‘சுகாதாரப் பணியாளர்களிடையே தயக்கம் நிலவுகிறது’ என்று யாரோ ஒருவர் ஆய்வேடு எழுதிப் பட்டமும் வாங்கியிருப்பார். தயக்கமாம்! வேலை முடிந்து, பிள்ளையை டியூஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கட்டைவிரலால் தட்டிய பதில் அது.

என் வேலையைப் பறிக்குமா? தாராளமாகப் பறிக்கட்டும். எதையெதைப் பறிக்கலாம் என்று நானே சொல்கிறேன். காணாமல்போன நோயாளிக் கார்டைத் தேடும் வேலையைப் பறிக்கட்டும். ஒரே ரத்த அழுத்த எண்ணைக் கார்டில் ஒரு தடவை, பதிவேட்டில் ஒரு தடவை, கம்ப்யூட்டரில் ஒரு தடவை எழுதுகிறேனே, அதைப் பறிக்கட்டும். மாதக் கடைசியில் ‘ரெட்டென்’ என்று பேர் சொன்னாலே எங்களுக்குத் தலைவலி வரும் அந்தப் புள்ளிவிவரக் கணக்கை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகட்டும். வாசலில் நின்று வழியனுப்பி வைப்பேன். ஆனால் வருகிற இயந்திரம் எதுவும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் படம், எக்ஸ்ரே, தோல் படம் என்று நாங்கள் கற்றுத் தேர்ந்து, கொஞ்சம் பெருமையோடு செய்கிற வேலைக்குத்தான் முதலில் கை நீட்டுகிறது. வெறுத்துச் செய்கிறதெல்லாம் அப்படியே எங்கள் தலையில். கூடவே அந்த இயந்திரத்துக்குத் தீனி போடுகிற வேலையும்.

நான் மலேசியாவில், ஜொகூரில் ஓர் அரசாங்க கிளினிக்கில் தாதி. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கண்ணுக்குள் படம் எடுப்பது என் பொறுப்புகளில் ஒன்று. அதோடு காலைச் சோதிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் ஊசியை வயிற்றில் எந்த இடத்தில் குத்துவது என்று காட்டுவது, ‘தே தாரிக்’ தேநீரைச் சீனி போடாமல் குடிப்பது எப்படி என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்றது. ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களான நமக்குத்தான். எதெதிலோ முதலிடம் வர வேண்டியவர்கள், இதில் வந்து நிற்கிறோம். அதனால் என் அறைக்கு வெளியே பெஞ்சில் தமிழ் கேட்காத நாளே கிடையாது.

இந்த நோய் கண்ணைத் தின்னும்போது வலிக்காது. அதுதான் இதன் வஞ்சகம். பார்வை மங்குகிறது என்று ஆள் வந்து நிற்கும்போது பாதி காரியம் முடிந்திருக்கும். ஆகவே ஒன்றும் தெரியாதபோதே வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையோ படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுக்கிற படத்தை எல்லாம் படிக்கக் கண் டாக்டர்கள் போதாது. இயந்திரம் படித்துச் சொல்லட்டும் என்ற யோசனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால், பாரம் அனுப்புகிறவர்களைவிட இந்தக் கதையை நான் கூடுதலாகவே தொடர்ந்து படித்திருக்கிறேன்.

2016இல் கூகுள் ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணின் விழித்திரைப் படத்தைப் பார்த்து இனிப்பு நீர் பாதிப்பைக் கண் டாக்டருக்கு நிகராகச் சொல்லும் நிரல் அது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவை. மதுரைக்காரர்களின் கண்ணைப் பார்த்துக் கற்ற பிள்ளை என்றதும் எனக்குக்கூட ஒரு பாசம் வந்தது.

பிறகு அதைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். 2018 கடைசியிலிருந்து 2019 வரை, பத்தும் தானி, சியாங் மாய் வட்டாரங்களில் 11 கிளினிக்குகள். அங்கே 45 லட்சம் இனிப்பு நீர்க்காரர்களுக்கு விழித்திரை நிபுணர்கள் 200 பேர்தான். தாதி படம் எடுத்து அனுப்பினால் முடிவு வரப் பத்து வாரம்வரை ஆகும். இயந்திரமோ சில நிமிடத்தில் சொல்லிவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

என்ன நடந்தது என்பதைக் கூகுள்காரர்களே 2020இல் மறைக்காமல் எழுதினார்கள். அதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். முதல் ஆறு மாதத்தில் இயந்திரத்துக்குக் கொடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ‘தரம் போதாது’ என்று அது தள்ளிவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வுக்கூடத்தில் இருட்டறையில் எடுத்த பளிங்குப் படம் அதற்குப் பழக்கம். கிளினிக்கிலோ பல இடங்களில் தனி இருட்டறையே இல்லை. தள்ளப்பட்ட ஆள் இன்னொரு நாள் இன்னோர் ஊருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். படத்தைக் கண்ணால் பார்த்தே ‘இதில் ஒன்றுமில்லை’ என்று சொல்லத் தெரிந்த தாதிகள் அங்கே இருந்தார்கள். அவர்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. இன்டர்நெட் வேறு. ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் லைன் போனதில், 200 பேருக்குச் சோதனை செய்ய வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. வீண் அலைச்சல் வேண்டாம் என்று சில தாதிகள் நோயாளிகளிடம் இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்களாம்.

அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் தாய்லாந்து மிஸிகளைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பாரத்தில் அவர்கள் எந்தக் கட்டத்தில் விழுவார்கள்? ‘தொழில்நுட்பத்துக்கு எதிரான மனப்பான்மை’. அவ்வளவுதான்.

எங்களுக்கும் ஒரு நிறுவனத்தார் வந்து செயல்முறை காட்டினார்கள். குளுகுளு மண்டபம். கண் கொடுக்க முன்வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாவை வட்டமாய் விரிந்திருக்கிறது, கண்ணில் ஒரு பொட்டுப் புரை இல்லை. படம் எடுத்து முடிக்கவும் திரையில் பச்சை விளக்கு எரிய, எல்லாரும் கை தட்டினோம். என் அறைக்கு வருகிறவர் எழுபதை நெருங்கும் பாட்டி. இரண்டு கண்ணிலும் புரை. இனிப்பு நீரில் பாவை கடுகளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். மருந்து ஊற்றி விரிய வைக்கலாம். ஊற்றினால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எதிரில் இருப்பது மங்கும். பேரன் லீவு எடுத்துக்கொண்டு மோட்டாரில் வைத்துக் கூட்டிவந்திருப்பான். "தாடையை இங்க வைங்க பாட்டி, பச்சைப் புள்ளியையே பாருங்க, இமைக்காதீங்க" என்றால், "எங்க மிஸி புள்ளி? ஒண்ணும் தெரியலையே" என்பார். தெரியாததால்தானே அம்மா உங்களுக்குப் படமே! எங்கள் ஜன்னலின் திரைத்துணி முக்கால்வாசிதான் மூடும். மீதி கால் பங்குக்கு மஞ்சள் கோப்பு அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன். புதுத் திரைக்கு எழுதிக் கொடுத்த கடிதம் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஓய்வெடுக்கிறது.

லைன் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் இருக்கிற மாநிலம் இன்றைக்குத் தரவு மையங்களின் தலைநகரம். குலாயில் ஒய்.டி.எல். நிறுவனம் என்விடியாவோடு கைகோத்துச் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் கட்டுகிறது என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். அதற்கு 2,000 கோடி ரிங்கிட் என்றார்கள். செடெனாக் பக்கம் போனால் செம்பனைக்கு நடுவே ஜன்னல் இல்லாத வெள்ளைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே மனுஷர் குறைவு. இயந்திரங்களுக்குக் குளிர் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய ஊர்கள் இவை. அந்தப் பாதையைத் தாண்டித்தான் என்னோடு வேலை செய்கிற சக தாதி தினமும் வருகிறாள். கிளினிக்குக்குள் நுழைந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு சிஸ்டம் ஓடுதா?" உலகத்தின் செயற்கை மூளைகளெல்லாம் கூப்பிடு தூரத்தில் குடியிருக்க, ஒரு பாட்டியின் ரத்தப் பரிசோதனை முடிவைத் திறக்க எங்களுக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இத்தனைக்கும் இங்கே செலாயாங் மருத்துவமனை 1999இலேயே காகிதமே இல்லாத மருத்துவமனையாகத் தொடங்கியது. அப்போது அது பெரிய செய்தி. அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று டாக்டராகப் பயிற்சிக்கு வந்துவிட்டது. வந்த இடத்தில் அதன் கையில் கொடுப்பது பேனாவும் கார்டும். நடுவில் இருக்கிற பல படிகளை ஏறாமலே மேலிடத்தார் மாடிக்குப் போய்விட்டார்கள். மாடியில் நின்று எங்களைப் பார்த்து "ஏன் தயங்குகிறீர்கள்?" என்று வேறு கேட்கிறார்கள்.

பயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பாரம் கேட்கிற பயம் அது இல்லை. 2016இல் ஜெஃப்ரி ஹின்டன், இந்தத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிறவர், எக்ஸ்ரே படிக்கும் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஐந்து வருடம் வந்தது, போனது. எக்ஸ்ரே டாக்டருக்கு இன்னும் எல்லா ஊரிலும் பஞ்சம்தான். ஆகவே வேலை போகும் பயம் எனக்கு இல்லை. என் பயமெல்லாம் கையெழுத்தைப் பற்றியது.

இயந்திரம் ‘ஒன்றுமில்லை’ என்கிறது. நான் பாட்டியை வீட்டுக்கு அனுப்புகிறேன். ஆறு மாதத்தில் பார்வை போகிறது. யாரைக் கூப்பிடுவார்கள்? சரி, மாற்றிப் பார்ப்போம். இயந்திரம் ‘ஆபத்து’ என்கிறது. என் அனுபவத்துக்கு அது தூசி படிந்த லென்ஸ் என்று தெரிகிறது. ஆனாலும் துணிந்து தள்ள முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் எழுதுகிறேன். அங்கே கண் பிரிவில் இருப்பவர் "எதுக்கும் ரெஃபரல் எழுதி எங்க தலையில கட்டுறீங்க" என்கிறார். எப்படிப் பார்த்தாலும் கார்டில் இருப்பது என் பெயர், என் முத்திரை. மருத்துவச் சாதனங்களுக்கு 2012இல் சட்டம் போட்டிருக்கிறோம், மென்பொருளும் அதற்குள் வரும், நல்லதுதான். ஆனால் விசாரணை என்று ஒன்று வந்தால் நிறுவனத்தார் ‘இது உதவிக் கருவி மட்டுமே, இறுதி முடிவு சுகாதாரப் பணியாளருடையது’ என்ற வரியைக் காட்டுவார்கள். விளம்பரத்தில் நிபுணருக்கு நிகர். ஒப்பந்தத்தில் வெறும் உதவிக் கருவி. பாரம் தயாரிப்பவர்களே, ‘தவறு நேர்ந்தால் என்னைக் காப்பார்கள் என்று நம்புகிறேன்’ என்று ஒரு வாக்கியம் போட்டுப் பாருங்கள். கட்டம் எந்தப் பக்கம் நிறையும் என்று தெரியும்.

அமெரிக்காவில் கிருமித் தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டும் செப்சிஸ் நிலையை முன்கூட்டிச் சொல்ல எபிக் நிறுவனத்தின் நிரலை நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் வைத்திருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சரிபார்த்து 2021இல் எழுதினார்கள்: உண்மையில் செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை அது கோட்டைவிட்டது. விட்டதும் போக, சேர்ந்த நோயாளிகளில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. வார்டில் இரவு வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. அடிக்கிற மணியை எல்லாம் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியது யார்? ஒரு வார்டுக்கு இரண்டே பேர் இருக்கும் நேரத்தில் பொய் மணிக்கு ஓடினால், உண்மையான நோயாளியின் பக்கத்தில் ஆள் இருக்காது.

நன்றாக வேலை செய்தால் இன்னொரு வினை. போலந்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் டாக்டர்களுக்குச் செயற்கை நுண்ணறிவைத் துணைக்குக் கொடுத்தார்கள். பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த சோதனைகளில் அதே டாக்டர்கள் கட்டியைக் கண்டுபிடித்த விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4ஆக இறங்கியிருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த ஆய்வு. அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி என்றால், இன்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் கண்ணைப் பழக்குவதற்கு முன்பே திரையைப் பழகிவிடுவார்கள். சிஸ்டம் டவுன் ஆகிற நாளில் அவர்கள் யாரைக் கேட்பார்கள்?

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் வைத்து ஓட்டுகிறது அரசாங்கம். அதை எதிர்த்து 2021 ஜூலை 26இல் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வார்டை விட்டு வெளியே வந்து நின்றார்களே, அந்தத் தலைமுறை. எழுத வேண்டிய ரெஃபரல் கடிதங்கள் குவிந்து கிடக்கும்போது கைபேசியில் சாட்பாட்டைத் திறந்து நோயாளியின் விவரத்தை அப்படியே ஒட்டி ‘சுருக்கித் தா’ என்கிறார்கள். பார்த்தும் பார்க்காததுபோல் போகிறேன். ஒரு பாட்டியின் சர்க்கரை அளவும் குடும்பக் கதையும் எந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் போய் உட்காருகிறதோ. நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது. அது மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நாட்டிலேயே அதிகமான நோயாளிக் கார்டுகளை வைத்திருப்பது யாரோ, அவருக்கே விலக்கு!

தாதிகள் கதை வேறு மாதிரி. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு வெள்ளி என்றால், இந்தப் பக்கம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். என்னோடு படித்த கூட்டத்தில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே மோட்டாரில் உட்லண்ட்ஸ் தாண்டுகிறார்கள். 2024 டிசம்பரில் புதுச் சம்பளத் திட்டம் வந்தபோது வாரம் 45 மணி நேரம் வேலை என்ற பேச்சும் சேர்ந்தே வந்து, தாதிகள் கொதித்தெழுந்த பிறகு தள்ளிப் போனது. இப்படி ஆள் கழன்றுகொண்டே போகிற இடத்தில் இயந்திரத்தை வைத்தால், அது துணைக்கு வந்ததா, போனவளின் நாற்காலியில் உட்கார வந்ததா என்று சந்தேகப்படுவது எங்கள் ‘மனப்பான்மை’யின் கோளாறா?

நல்ல விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சுவீடனில் 80,000க்கு மேற்பட்ட பெண்களின் மார்பக எக்ஸ்ரேயை வைத்து நடத்திய சோதனையில் டாக்டர்களின் படிக்கும் வேலை 44 விழுக்காடு குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய் குறையவில்லை. காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2021இல் சொல்லிவிட்டது. படிக்க ஆளே இல்லாத இடங்களில் அது உயிர் காக்கும். இதையெல்லாம் யாரும் எனக்கு விற்க வேண்டியதில்லை. ஒரு நாள் என் அறையில் ஒரு பாட்டி கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும்.

"ஏன் மிஸி, இனிமே மெஷினே பாத்து சொல்லிருமாமே. அப்ப டாக்டரு எங்களப் பாக்க மாட்டாரா?"

"பாப்பாரு பாட்டி. மெஷின் சும்மா ஒத்தாசைக்கு."

"காசு இருக்கறவங்களுக்கும் மெஷின்தானா?"

தாடையை வையுங்கள் என்று பேச்சை மாற்றினேன்.

போன வாரம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. செயற்கை நுண்ணறிவு குறித்துச் சுகாதாரப் பணியாளர்களிடம் ‘நேர்மறையான மனப்பான்மையை வளர்க்கும்’ பயிற்சிப் பட்டறை, கோலாலம்பூரில், வேலை நாளில். பயிற்சிப் புள்ளி உண்டு, சான்றிதழ் உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு. கிளினிக்குக்கு ஓர் ஆள் கட்டாயம். கண் படம் எடுக்கிறவர்தான் பொருத்தம் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கேமராவைத் தொட வேறு ஆள் இல்லை. அதனால் அந்தத் தேதிக்கு அப்பாயின்மென்ட் வாங்கியிருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "பேரன்கிட்ட சொல்லி லீவை மாத்திக்கச் சொல்லுங்க பாட்டி" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கிற அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து.